வாசலில் இருபத்தேழு பேர்

மங்கையர்க்கரசி செய்த தவறு ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கியிருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் கொண்ட அட்டவணையில் ஒரு வரி. அந்த வரியின் கடைசியில் ‘வாக்கா?’ என்று தலைப்பிட்ட கட்டம். அதில் அவள் ‘ஆம்’ என்று போட்டிருந்தாள். போட்ட அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கேன்டீனில் இரண்டு மெதுவடை கூடுதலாகச் சாப்பிட்டாள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பெருங்குடியில் ‘மறுபிறவி ஸ்டூடியோ’ என்று ஒரு கம்பெனி. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ஜப்பானில் வந்த வீடியோ கேம்களை உரிமை வாங்கி, தூசி தட்டி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்து வெளியிடுவது அதன் தொழில். கையில் வாளோடு ஊர் ஊராகப் போக வேண்டும், அரக்கனைக் கண்டால் வெட்ட வேண்டும், நடுநடுவே ஊர்க்காரர்களோடு பேசி அவர்கள் வம்பிலெல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த ரகம். மங்கைக்கு அங்கே ஜப்பானிய மொழியிலிருந்து தமிழாக்கும் வேலை.

‘ஏழாவது வாசல்’ அப்படி வந்ததில் ஒன்று. பழைய பதிப்பில் அதன் ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கும் ஆளுக்கு நாலு வாக்கியம்தான் தெரியும். புதிய பதிப்பில் அவர்களுக்கு யோசிக்கவும் பேசவும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நாம் மைக்கில் பேசினால் பதில் சொல்வார்கள். கேட்டதை மறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரை அணைத்தாலும் அவர்கள் ஊரில் பொழுது ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு பழைய சட்டத்தில் மட்டும் கம்பெனி கைவைக்கவில்லை, ஏனென்றால் அந்த கேமின் புகழே அதில்தான் இருந்தது. ஊர்க்காரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அவர் கல்லாகிவிடுவார். ஒருமுறை கல்லானவர் கல்லானவர்தான்.

“எது வாக்கு, எது வெறும் பேச்சுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மங்கை ஆரம்பத்திலேயே கேட்டாள். கேட்டது பெனடிக்டிடம். மார்த்தாண்டத்துக்காரன், அவளைவிட எட்டு வயது சின்னவன், ஊர்க்காரர்களின் மூளையைப் பார்த்துக்கொள்கிற எஞ்சினியர்.

“நீங்க எழுதுறதுதான் அக்கா அதுங்களுக்கு வேதம். ‘சத்தியமா’ன்னா வாக்கு. ‘பாக்கலாம்’னா வாக்கு இல்ல. கட்டத்துல ஆம், இல்லன்னு போட்டுட்டே வாங்க. மத்தத அதுங்களே பழகிக்கும்.”

“ஒரு அழகான விஷயம் கேளு. ஜப்பான்ல வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’னு சொல்லுவாங்க. பிரிச்சுப் பாத்தா, போயிட்டு வரேன். அப்படியே நம்ம வார்த்தை! இங்கிலீஷ்ல பண்ணினவங்க இந்த இடத்துல திண்டாடியிருக்காங்க. ஊர் வாசல்ல நின்னு சத்திரக்காரப் பொண்ணுகிட்ட ஹீரோ அதைத்தான் சொல்றான். அவ அதை நம்பிக் காத்திருக்கா. மூலத்துல அது வாக்குன்னே இருக்கு.”

“அப்போ ஆம்னு போடுங்க.”

போட்டாள். ஜப்பான்காரர்கள் அதைத் தம் இடத்திலிருந்து கிளம்பும்போது தம் ஆட்களிடம்தான் சொல்வார்கள், நாமோ பல் டாக்டரிடம்கூடச் சொல்லிவிட்டு வருவோம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு மொழியும் படித்தவளுக்கு அது தோன்றாமல் போனதுதான் கொடுமை.

கேம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு வீட்டில் ஓட்டிப் பார்க்க ஒரு பிரதி கொண்டுவந்தாள். மைக்கில் பேச வேறு குரல் வேண்டும் என்று அம்மாவை உட்காரவைத்தாள். அம்மா அன்னலட்சுமிக்கு அறுபத்தொன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் காதில் குரல்களோடு இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு குரலே இல்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. சத்திரக்காரப் பெண் கோஹரு முதல் நாளே கோகிலா ஆனாள். அரக்கர்களை அம்மா “சனியனே, ஒழி” என்று திட்டிக்கொண்டே வெட்டினாள். வெட்டி முடித்ததும் மீன்காரியின் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள்.

கம்ப்யூட்டரை அணைக்கும் முன் அம்மா ஊரைச் சுற்றி வந்து முப்பது பேரிடமும் தனித்தனியாக விடைபெறுவாள். “கொல்லர்கிட்ட சொல்லிட்டுக் குயவர்கிட்ட சொல்லாம வந்தா நல்லா இருக்குமாடி?” என்பாள். “போயிட்டு வரேன் கண்ணு, போயிட்டு வரேன் ஐயா” என்று அவள் குரல் ஹாலில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் திருநெல்வேலி போனாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், ஊர் வாசலில் எல்லோரும் சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். மீன்காரி, குயவர், பாட்டுப் பாடும் கிழவர் மூவரும் கல்லாகியிருந்தார்கள்.

“உங்களைத்தாம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க,” என்றாள் கோஹரு. “போயிட்டு வரேன்னு சொன்னீங்க இல்ல?”

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது.

“விளையாட்டும்மா அது.”

“காத்திருக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியாது.”

அம்மா சொன்னது அப்பாவை நினைத்து. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்பா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு அம்பத்தூர் பாக்டரிக்குக் கிளம்பினார். பாக்டரிக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. போலீஸ் ஸ்டேஷன், பேப்பர் விளம்பரம், ஆஸ்பத்திரிப் பிணவறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கேயோ வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார் என்று மங்கை பதினாலு வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். ரேஷன் கார்டில் அவர் பெயரை எடுக்க அம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை. “போறேன்னு அவர் சொல்லலியே. போயிட்டு வரேன்னுதானே சொன்னார்?” அம்மாவின் வழக்கு முழுவதும் இந்த ஒரு வாக்கியம்தான். அதை எதிர்த்து யாரும் ஜெயித்ததில்லை.

கல்லான மூன்று பேருக்குப் பிறகு அம்மா எங்கேயும் போவதில்லை. எழுந்தால் மீதி இருபத்தேழு பேர் வாசலுக்கு வந்துவிடுவார்கள். குளிக்கப் போனால் அவசர அவசரமாகத் திரும்பி வந்தாள். கோயிலை விட்டாள், நடைப்பயிற்சியை விட்டாள், சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடுவதை விட்டாள். “சொல்லாம எழுந்து வாயேம்மா” என்று மங்கை கத்திப் பார்த்தாள். சொல்லாமல் எழுந்து வருவது எப்படி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்தாலும், கதவைத் தாண்டுவதற்குள் அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

கேம் வெளியாயிற்று. நாலே மாதத்தில் தமிழ்ப் பதிப்பு நாற்பத்தோராயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மதியம் கம்பெனித் தலைவர் சுகுமாரன் எல்லோரையும் கூப்பிட்டு கேக் வெட்டினார். இங்கிலீஷில் ஆடுகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், இந்தியில் இரண்டு மணி நேரம், தமிழில் ஒன்பது மணி நேரம் என்று திரையில் போட்டுக் காட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மங்கை அவர் அறைக்குப் போனாள். “சார், அது ஆசையால ஆடுறது இல்ல. கிளம்பும்போது பழக்கதோஷத்துல போயிட்டு வரேன்னு சொல்லிடறாங்க. அப்புறம் வராம இருக்க முடியல. எங்கம்மாவையே பாக்கிறேன். அந்தக் கட்டத்துல ‘இல்லை’ன்னு மாத்தணும். தப்பு என்னுடையதுதான்.”

சுகுமாரன் கேக் துண்டை அவள் பக்கம் நகர்த்தினார். “இது தப்பு இல்லம்மா, நம்ம பண்பாடு. மலையாளத்துல, தெலுங்குல, கன்னடத்துலயும் இதே மாதிரி சொல்லுவாங்க இல்ல? அவங்க என்ன போட்டிருக்காங்க?”

“வாக்கு இல்லைன்னு, சார்.”

“பாத்தீங்களா. அங்கேயும் ‘ஆம்’னு போடச் சொல்லிடுங்க.”

அன்று வியாழன். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு மேல்வீட்டு பிரேமா போன் செய்தாள். அம்மா சமையலறையில் சரிந்து கிடக்கிறாள், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது.

சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் அரைமணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் மங்கையிடம் தனியாகச் சொன்னார். அம்மா கண் திறந்ததும் சுற்றிலும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

“மணி என்னடி? நான் காலையில தண்ணி குடிக்கப் போகும்போது சொல்லிட்டுப் போனேன். இருபத்தேழு பேரும் வாசல்ல நிப்பாங்க. நீ வீட்டுக்குப் போய் அம்மா வந்துடுவான்னு சொல்லு.”

மங்கை மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் அணையாமலே இருந்தது. திரையில் ஊர் வாசல், வெட்டவெளி வெயில், சாலையைப் பார்த்தபடி இருபத்தேழு முகங்கள். பாதிப் பேருக்கு முழங்கால்வரை சாம்பல் நிறம் ஏறியிருந்தது. யாரும் அசையவில்லை. அவள் நாற்காலியை இழுத்த சத்தத்துக்கு எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது.

“அம்மா எங்கே?” என்றாள் கோஹரு.

அந்தக் குரலுக்கு மங்கை எழுதிய தமிழ் எவ்வளவு இனிமையாக இருந்தது என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. “ஆஸ்பத்திரியில இருக்காங்க. வருவாங்க.”

“வருவாங்களா? நீங்க சொல்றீங்களா?”

மங்கை வாயை மூடிக்கொண்டாள். தான் வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. 

“அம்மா ஒருநாளும் பொய் சொல்ல மாட்டாங்க,” என்று கோஹரு தொடர்ந்தாள். “எத்தனை மணி நேரம் ஆனாலும் நிப்போம். அவங்களும் அப்படித்தானாம். எங்ககிட்ட சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர் கிளம்பினதுலேருந்து அவங்க நின்னுக்கிட்டேதான் இருக்காங்களாம்.”

மங்கை புடவையை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்து, அடுக்குமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பெனடிக்டுக்குப் போன் போட்டாள்.

“அந்தக் கட்டத்தை மாத்தணும். இன்னைக்கே. சார்கிட்ட கேக்கப்போறதில்ல.”

பெனடிக்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “வாராவாரம் எழுத்துப்பிழைத் திருத்தம்னு ஒண்ணு உங்க கையெழுத்துல போகுது இல்லியா, அதை யாரும் பாக்க மாட்டாங்க. அதுல வச்சு அனுப்பலாம். ஆனா வெறும் ‘இல்லை’ போட்டாப் பத்தாதுக்கா.”

“ஏன்?”

“நாலு மாசமா இது வாக்குன்னு நம்பி நின்னு பழகிருச்சுங்க. காரணம் இல்லாம விடாது. பக்கத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்லா, அதுல ஏன் இது வாக்கு இல்லன்னு எழுதணும். அதுங்க நம்புற மாதிரி இருக்கணும். உண்மையில நடந்த ஒரு உதாரணத்தோட எழுதினா சட்டுன்னு பிடிச்சுக்கும்.”

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதினாள். உள்ளே அம்மா நர்ஸிடம் ஊசியைக் கழற்றிவிடும்படி கெஞ்சிக்கொண்டிருந்தாள். அது காதில் விழ விழ மங்கைக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மா மேல், அப்பா மேல், அந்தச் சொல்லின் மேல். இருபத்திரண்டு வருஷமாக வாயில் அடக்கிவைத்ததெல்லாம் விரலுக்கு வந்துவிட்டது.

“தமிழர் ‘போயிட்டு வரேன்’ என்பது திரும்பி வருவதற்காக அல்ல. ‘போகிறேன்’ என்பது அபசகுனம் என்று பயந்து சொல்வது. சொன்னவர் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உதாரணம்: ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை டிபன் பாக்ஸோடு இதைச் சொல்லிவிட்டுக் கிளம்பி, இருபத்திரண்டு வருஷம் வராமலே இருக்கலாம். இனியும் வர மாட்டார். அவருக்காகக் காத்திருப்பது வீண்.”

படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அம்மா நேரே கம்ப்யூட்டருக்குப் போனாள். மங்கை தடுக்கவில்லை. பின்னால் நின்றுகொண்டாள். சத்தியமாக அவளுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஊர் வாசலில் யாரும் இல்லை. கொல்லர் பட்டறையில் இரும்படிக்கும் சத்தம் கேட்டது. சாம்பல் நிறமெல்லாம் மறைந்து ஆட்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோஹரு சத்திரத்துக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டேன் கோகிலா!” என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. “ரொம்ப நேரம் நிக்கவச்சுட்டேனா?”

“வாங்கம்மா. நாங்க நிக்கலையே.” கோஹரு நிமிர்ந்து சிரித்தாள். “முந்தாநாளே உள்ளே போயிட்டோம்.”

“ஏன் கண்ணு? நான் வருவேன்னு சொன்னேனே.”

“போயிட்டு வரேன்னு சொல்றவங்க வரணும்னு கட்டாயம் இல்லையாம்மா. போறேன்னு சொல்ல பயந்துக்கிட்டு அப்படிச் சொல்றாங்களாம். இப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. ஒருத்தர் செவ்வாய்க்கிழமை காலையில டிபன் பாக்ஸோட அதைச் சொல்லிட்டுப் போனாராம். இருபத்திரண்டு வருஷம் ஆச்சாம். இனியும் வர மாட்டாராம்.” துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு அவள் அதே இனிமையோடு சொன்னாள். “நீங்களும் உள்ளே போயிடுங்கம்மா. நின்னது போதும்.”

மங்கை மைக்கின் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தாள். அம்மா கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

“இதை யாரு சொன்னா கோகிலா?”

“எங்களுக்குள்ள எழுதியிருக்கும்மா. யார் எழுதினாங்கன்னு தெரியாது.”

அம்மா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கையின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால், அழுதிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் மங்கை காலில் விழுந்திருப்பாள். அம்மா கம்ப்யூட்டரை அணைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அம்மா நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். காலையில் பூங்காவுக்கு நடக்கப் போனாள். சர்க்கரை ஒழுங்குக்கு வந்தது. எப்படி என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. மங்கை பேச்சை எடுக்கும்போதெல்லாம் அம்மா அடுப்பில் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போனாள்.

ஆபீஸில் சுகுமாரன் கத்திக்கொண்டிருந்தார். தமிழ் ஒன்பது மணி நேரத்திலிருந்து ஒன்றே கால் மணி நேரத்துக்கு விழுந்திருந்தது. யார் கைவைத்தது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பெனடிக்ட் தன் திரையை மங்கையின் பக்கம் திருப்பிக் காட்டினான். கேம் ஆடுகிறவர்கள் எழுதும் குழு அது. மேலே இருந்தது கடையநல்லூரிலிருந்து ஒரு பெண் எழுதியது.

“எம்மவளுக்கு ஆறு வயசு. அவ வாப்பா சவூதிக்குப் போயி ரெண்டு வருசம் ஆவுது. போயிட்டு வாரேன்னு சொன்னவங்க வரமாட்டாங்களாம்மான்னு நேத்துலருந்து கேட்டு அழுதுக்கிட்டே இருக்கா. போன்ல அவரு பேசுனாலும் நம்ப மாட்டேங்கா. இதை எழுதுனது யாரு?”

அதற்குக் கீழே அதே மாதிரி நூற்றுக்கணக்கில் இருந்தன. மங்கை நாலைந்துக்கு மேல் படிக்கவில்லை.

“திரும்ப மாத்திடலாமா?” என்று கேட்டாள்.

“கட்டத்தை மாத்தலாம்,” என்றான் பெனடிக்ட். “கேட்டவங்களை என்ன பண்றது?”

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். மங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, தினமும் சொல்வதைச் சொன்னாள்.

“போயிட்டு வரேம்மா.”

அம்மா தலை நிமிரவில்லை. கத்தி காயின் முனையைக் கிள்ளி நாரை இழுத்தது.

“சரி. போ.”

மங்கை ஒரு காலில் செருப்போடு நிலைப்படியில் நின்றாள். முப்பத்தாறு வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படி அனுப்பியதில்லை. கோபத்தில்கூட ‘போயிட்டு வா’ என்று முழுதாகத்தான் வரும். அம்மா மீதியையும் சொல்லிவிடுவாள் என்று அவள் காத்திருந்தாள். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டு கீழே போனது. உள்ளே அம்மா அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.